எ லிங்க் டு த பாஸ்ட்: ஸ்விட்சில் மீண்டும் விளையாடும்போது எழும் சிக்கல்களும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: எ லிங்க் டு த பாஸ்ட்’ 1991 நவம்பரில் ஜப்பானிலும், 1992இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. 2019 செப்டம்பர் முதல், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் உறுப்பினர்களுக்கான சூப்பர் நின்டெண்டோ செயலியில் அது கிடைக்கிறது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அமைந்த இந்த விளையாட்டைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுப்பவர்களும் முதன்முறையாகத் தொடுபவர்களும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். கதையின் திருப்பங்களும் புதிர்களின் விடைகளும் இதில் வெளிப்படையாக வருகின்றன. தாமாகவே கண்டுபிடிக்க விரும்புவோர் தமக்குரிய தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

கோளாறு எங்கே இருக்கிறது?

தொலைக்காட்சி, கன்ட்ரோலர், ஹெட்ஃபோன் போன்ற வெளிக்கருவிகளில் பிழை இருக்கலாம். பழைய இயந்திரத்தைப்போல் நடந்து விளையாட்டை ஓட்டும் செயலியில் இருக்கலாம். அல்லது பிழையே இல்லாமல், விளையாட்டின் விதி அப்படித்தான் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்கும் சோதனை எளிது. ஸ்விட்சின் முகப்புத் திரையிலேயே அறிகுறி தெரிந்தால் வெளிக்கருவியைப் பாருங்கள். அதே செயலியில் உள்ள வேறு விளையாட்டுகளிலும் தெரிந்தால் செயலியின் அமைப்புகளைப் பாருங்கள். இந்த ஒரு விளையாட்டில், அதுவும் ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் விதியாகத்தான் இருக்கும்.

“இது பிழைதான்” என்று ஆட்டக்காரர்கள் உறுதியாகச் சொல்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. கார்ட்ரிட்ஜ் விற்ற காலத்தில் பெட்டிக்குள் ஒரு கையேடு இருந்தது; எந்தப் பொத்தான் எதற்கு, எங்கே சேமிப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. செயலியைத் திறந்ததும் நேராக ஆட்டத்துக்குள் நுழைபவருக்கு அந்தக் கையேடு கண்ணில் படுவதில்லை. அதனால் விதியும் பிழையைப்போலவே தெரிகிறது.

செயலி திறக்கிறது, ஆனால் விளையாட்டு தொடங்க மறுக்கிறது

உறுப்பினர் காலம் முடிந்திருக்கலாம், அல்லது கன்சோல் நெடுநாள் இணையத்தோடு இணையாமல் இருந்திருக்கலாம். இணையம் இல்லாமலும் விளையாட முடியும் என்றாலும், ஏறத்தாழ 7 நாட்களுக்கு ஒருமுறையாவது கன்சோல் இணையத்தில் நுழைந்து உறுப்பினர் நிலையைச் சரிபார்க்க வேண்டும். பயணத்துக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால் புறப்படும் நாளில் ஒருமுறை இணைத்துவிடுவது நல்லது. உறுப்பினர் காலம் முடிந்துவிட்டதால் சேமிப்புகள் அழிந்துவிடுவதில்லை. புதுப்பித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பொத்தானை அழுத்தியபின் வாள் தாமதமாக வீசப்படுகிறது

முதலில் கன்சோலைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்து, அதே அறையில் அதே எதிரியோடு மோதிப் பாருங்கள். தாமதம் மறைந்துவிட்டால் குற்றவாளி தொலைக்காட்சிதான். இன்றைய தொலைக்காட்சிகள் வரும் படத்தைக் கூர்மையாக்கியும் அசைவைச் சீராக்கியும் காட்டுவதற்காகச் சில நொடிப் பின்னங்களை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் பட அமைப்பில் உள்ள ‘கேம் மோட்’ இந்த வேலைகளை நிறுத்திவிடும். பல தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் இந்த அமைப்பு தனித்தனியாக இருக்கிறது என்பதால், ஸ்விட்ச் செருகப்பட்டிருக்கும் துளைக்கு அது இயங்குகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாள் உடனே வீசப்படுகிறது, ஒலி மட்டும் பிந்தி வருகிறது என்றால் புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கம்பியுள்ள ஹெட்ஃபோனையோ கன்சோலின் ஒலிபெருக்கியையோ பயன்படுத்துங்கள். ஸ்விட்சில் 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 பதிப்பு முதல்தான் புளூடூத் ஒலி கிடைக்கிறது. கம்பியில்லா ஒலியில் தாமதம் எப்போதும் ஓரளவு இருக்கும். இந்த விளையாட்டில் அது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. சுவரை வாளால் தட்டும்போது எழும் ஒலி மாறினால் அங்கே வெடிகுண்டு வைக்கலாம் என்று பொருள். தட்டியதும் கேட்க வேண்டிய ஒலி பிந்தினால், இரகசிய வழி பக்கத்துச் சுவரில் இருப்பதாக நினைத்துக் குண்டுகளை வீணாக்க நேரும்.

எதிரிகள் திரையில் நிறையும்போது மட்டும் எல்லாமே ஒருசேர மெதுவாகிறது என்றால் அது தாமதமே அல்ல. பழைய இயந்திரம் அந்த இடங்களில் திணறியது. செயலி அந்தத் திணறலையும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை மாற்ற எந்த அமைப்பும் இல்லை.

படம் மங்கலாக, அலையலையாக அல்லது ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிகிறது

ஓரம் வெட்டுப்பட்டு, இதயங்களின் வரிசையோ மாய அளவுகோலோ பாதி மறைந்தால், ஸ்விட்சின் சிஸ்டம் செட்டிங்ஸில் டிவி அவுட்புட் பகுதிக்குப் போய்த் திரையளவைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன் தொலைக்காட்சியின் சொந்தப் பட அளவு ‘முழுமையாகக் காட்டு’ என்ற நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பெரும்பாலும் கன்சோலைத் தொடவே தேவையிருக்காது.

விளையாட்டின் நாயகன் லிங்க் நடக்கும்போது நிலத்தின் சதுரங்கள் நெளிவதுபோல் தெரிவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. விளையாட்டு தன் படத்தை 256 புள்ளி அகலமும் 224 புள்ளி உயரமுமாகத்தான் வரைகிறது. செயலியின் 4:3 அமைப்பு அதைப் பழைய தொலைக்காட்சியின் விகிதத்துக்கு இழுக்கும்போது, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அகலம் கிடைப்பதில்லை. சில புள்ளிகள் பக்கத்துப் புள்ளிகளைவிடத் தடித்துவிடுகின்றன, திரை நகரும்போது அந்தத் தடிப்பு ஓடுவதைத்தான் நெளிவாகக் காண்கிறோம். புள்ளிக்குப் புள்ளி காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் நெளிவு நிற்கும், ஆனால் படம் சற்றே ஒடுங்கும், ஏனெனில் மூல இயந்திரத்தின் புள்ளிகள் பழைய திரையில் சதுரமாக இல்லாமல் கொஞ்சம் அகன்றே தெரிந்தன. ஓவியர்கள் லிங்கின் முகத்தை வரைந்ததும் அந்த அகலத்தை மனத்தில் வைத்துத்தான். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம்: சரியான உருவ விகிதம், அல்லது சீரான புள்ளிகள். கையில் வைத்து விளையாடும்போது புள்ளிக்குப் புள்ளி அமைப்பையும் தொலைக்காட்சியில் 4:3 அமைப்பையும் நான் பரிந்துரைப்பேன். பழைய குழாய்த் திரையைப்போல் கோடு விழச் செய்யும் வடிகட்டியைப் பொறுத்தவரை, இருள் நிறைந்த கோட்டைச் சாக்கடைப் பகுதியை அது மேலும் இருட்டாக்கிவிடுகிறது என்பதைத் தவிரச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

லிங்க் தானாக நகர்கிறான், அல்லது மூலைவாட்டில் நடக்க மறுக்கிறான்

இந்த விளையாட்டுக்கு எட்டுத் திசைகள் மட்டுமே தெரியும். அனலாக் ஸ்டிக்கின் மெல்லிய சாய்வைக்கூடச் செயலி ஏதோ ஒரு திசையாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். எனவே தேய்ந்த ஸ்டிக் மிகச் சிறிதளவு நடுவிலிருந்து விலகினாலும் லிங்க் முழு வேகத்தில் நடப்பான். சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்கள் பகுதிக்குச் சென்று ஸ்டிக்கை அளவீடு செய்துபாருங்கள். அதிலும் நடுப்புள்ளி நிலைக்கவில்லை என்றால் திசைப் பொத்தான்களுக்கு மாறுவதே வழி. இடது ஜாய்-கானில் திசைப் பொத்தான்கள் நான்கும் தனித்தனியாக இருப்பதால் மூலைவாட்டில் அழுத்துவது கடினமாக இருக்கும். ஒட்டிய சிலுவைவடிவப் பொத்தான் உள்ள கன்ட்ரோலர் இந்த விளையாட்டுக்கு உண்மையிலேயே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

பொத்தான்கள் இடம் மாறியிருப்பதாகத் தோன்றினால் மூல அமைப்பை ஒருமுறை நினைவில் கொள்ளுங்கள்: பி வாள், ஒய் தேர்ந்தெடுத்த கருவி, ஏ பேச, தூக்க, இழுக்க, எக்ஸ் வரைபடம், ஸ்டார்ட்டுக்கு உரிய கூட்டல் பொத்தான் கருவிப் பட்டியல், செலக்ட்டுக்கு உரிய கழித்தல் பொத்தான் சேமிப்பு மெனு. ஏ அழுத்தினால் வாள் வீசப்படவில்லை என்பது பிழையல்ல. யாரேனும் கன்சோலில் பொத்தான் மாற்றத்தை அமைத்திருந்தால் அது எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தும் என்பதால் அங்கேயும் பாருங்கள்; 2020இல் வந்த 10.0.0 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோலர்கள் இணைந்திருந்து எதுவுமே அசையவில்லை என்றால், உங்கள் கையில் இருப்பது முதல் ஆட்டக்காரராகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சேமித்தேன், ஆனால் வேறெங்கோ தொடங்குகிறது; அல்லது சேமித்ததே காணவில்லை

இது இரண்டு வெவ்வேறு அறிகுறிகள். ஒன்றாகப் பேசப்படுவதால்தான் குழப்பம் நீள்கிறது.

முதலாவது விதி. கழித்தல் பொத்தானை அழுத்தி ‘சேவ் அண்ட் குவிட்’ கொடுத்தால், விளையாட்டு நீங்கள் நின்ற இடத்தைப் பதிவு செய்வதில்லை. பெற்றவற்றை மட்டுமே பதிவு செய்கிறது. திறந்த பெட்டிகள், கிடைத்த சாவிகள், கருவிகள், இதயத் துண்டுகள் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் தொடக்கம் லிங்கின் வீடு, சரணாலயம் அல்லது கதை சற்று முன்னேறியபின் மலைக்குகை முதியவரின் இருப்பிடம் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் அமையும். விளையாட்டில் ஒளி உலகு, அதன் இருண்ட மறுவடிவமான இருள் உலகு என இரண்டு உண்டு; இருள் உலகில் சேமித்தால் பிரமிடின் மேல் தொடங்கும். ஒரு கோட்டையின் (எதிரிகளும் புதிர்களும் நிறைந்த கட்டடத்தின்) ஆழத்தில் சேமித்துவிட்டு மீண்டும் வாசலிலிருந்து நடப்பது 1991க்கு உரிய கடுமை. ஆனால் சாவிகள் திரும்பப் போகாததால் இரண்டாம் நடை முதல் நடையில் பாதியாகவும் இருக்காது. உள்ளே சிக்கிக்கொண்டு வெளியேற மட்டும் விரும்பினால் சேமித்து வெளியேற வேண்டியதே இல்லை: மேஜிக் மிரர் என்னும் மாயக் கண்ணாடியைக் கோட்டைக்குள் பயன்படுத்தினால் அதன் வாசலுக்கே கொண்டுவந்து விடும்.

இரண்டாவது உண்மையான இழப்பு. செயலியில் இசட்எல், இசட்ஆர் இரண்டையும் ஒருசேர அழுத்தினால் வரும் மெனுவில், நின்ற கணத்தை அப்படியே உறையவைக்கும் இடைநிறுத்தப் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு விளையாட்டுக்கு நான்கு இடங்கள். இந்தப் புள்ளி, இயந்திரத்தின் நினைவகம் அந்தக் கணத்தில் இருந்த நிலை என்று புரிந்துகொண்டால் ஆபத்தும் விளங்கும். திங்கட்கிழமை ஒரு புள்ளியை உறையவைத்து, வியாழன் வரை விளையாட்டின் சொந்த மெனுவில் மட்டும் சேமித்து வந்து, வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் திங்கட்கிழமைப் புள்ளியைத் திறந்தால், நீங்கள் திங்கட்கிழமைக்கே போய்விடுகிறீர்கள். அங்கிருந்து மீண்டும் சேமித்தால் வியாழன் வரையிலான முன்னேற்றத்தின்மேல் பழைய நிலை எழுதப்படும்.

ஆகவே ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஆட்டத்தை முடிக்கும்போது முதலில் விளையாட்டின் மெனுவில் சேமியுங்கள், பிறகு தேவையென்றால் இடைநிறுத்தப் புள்ளியையும் புதுப்பியுங்கள். பழைய புள்ளிகளைத் தேதியைப் பார்க்காமல் திறக்காதீர்கள். ஏற்கெனவே தவறான புள்ளியைத் திறந்துவிட்டிருந்தால், எதையும் சேமிக்காமல் நின்று, மற்ற மூன்று இடங்களில் பிந்தைய நிலை எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இசட்எல், இசட்ஆர் இரண்டையும் அழுத்திப் பிடித்தால், ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் இயங்கும். ஒரு பள்ளத்தில் விழுந்ததையோ ஓர் அம்பு பட்டதையோ திருத்த அது போதும். காரணம் பத்து நிமிடங்களுக்கு முன்னால் இருக்கும் சிக்கல்களுக்கு அது உதவாது. கீழே வரும் பெரும்பாலான சிக்கல்கள் அத்தகையவையே.

தொடக்கத்திலேயே கோட்டைக்குள் நுழைய முடியவில்லை

எல்லாப் பாதைகளிலும் வீரர்கள் மறித்து நிற்பார்கள். அவர்களோடு சண்டையிட உங்களிடம் வாளே இருக்காது. வீட்டுப் பெட்டியிலிருந்து விளக்கை எடுத்தீர்களா என்று உறுதிசெய்துகொண்டு, மழையில் கோட்டையின் கிழக்குப் பக்கம் செல்லுங்கள். தனியாக நிற்கும் ஒரு புதரை ஏ பொத்தானால் தூக்கினால் அடியில் குழி தெரியும். அதில் இறங்கினால் லிங்கின் மாமா வாளையும் கேடயத்தையும் தருவார். இளவரசி செல்டாவை மீட்டபின் அரியணை மண்டபத்தில் வழி முடிந்துவிட்டதுபோல் தோன்றினால், அங்குள்ள அலங்காரப் பலகையை இடப்பக்கம் நின்று தள்ளுங்கள். இறுதியில் வரும் இரண்டு நெம்புகோல்களில் வலப்பக்கத்தை இழுக்க வேண்டும். இன்னொன்று பாம்புகளைக் கொட்டும்.

அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை

எக்ஸ் பொத்தானை அழுத்தி வரைபடத்தைப் பாருங்கள். ஒளி உலகில் மாஸ்டர் சோர்ட் என்னும் வாளை எடுக்கத் தேவையான மூன்று பதக்கங்கள் இருக்கும் இடங்களும், இருள் உலகில் 1 முதல் 7 வரை எண்ணிட்ட படிகங்களும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இருள் உலகில் எண் வரிசையை மீறியும் போகலாம். ஆனால் ஒரு கோட்டையின் பெரிய பெட்டியில் கிடைக்கும் கருவிதான் வேறொரு கோட்டையின் கதவைத் திறக்கிறது. வழி அடைபட்டால் “எந்தப் பெரிய பெட்டியைத் திறக்காமல் விட்டேன்?” என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கோட்டையின் தலைவனான பெரிய எதிரியை வீழ்த்திவிட்டுப் பெரிய பெட்டியை மறந்து வெளியேறுவது இந்த விளையாட்டில் மிக எளிது, ஏனெனில் பல கோட்டைகளில் அந்தப் பெட்டி முதன்மைப் பாதைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது.

பாலைவன அரண்மனையின் முன் கற்பலகை மௌனமாக இருந்தால், ககாரிகோ கிராமத்து நூலகத்தில் உயர்ந்த அலமாரியின் மேல் இருக்கும் முடோரா நூல் உங்களிடம் இல்லை. பச்சைப் பதக்கத்துக்குப் பின் கிராமத்து மூத்தவர் சஹாஸ்ரஹ்லா தரும் பெகசஸ் காலணியை அணிந்து, ஏ பொத்தானை அழுத்திப் பிடித்து அலமாரியில் மோதினால் நூல் கீழே விழும்.

இருள் உலகில் முயலாக மாறிவிட்டேன், வாள் வேலை செய்யவில்லை

மூன் பேர்ல் என்னும் முத்து இல்லாமல் இருள் உலகுக்குள் போனால் இப்படித்தான் ஆகும். அந்த முத்து டவர் ஆஃப் ஹெராவின் பெரிய பெட்டியில் இருக்கிறது. அந்தக் கோபுரத்துக்கே ஏற முடியவில்லை என்றால், மலைக்குகையில் வழி தவறிய முதியவரை அவரிடத்துக்கு அழைத்துச் சென்று மேஜிக் மிரரைப் பெறுங்கள். முயலாக இருக்கும்போதும் அது வேலை செய்யும். ஒளி உலகில் எட்டமுடியாத மேட்டுக்கு நேரான இடத்தில், இருள் உலகில் நின்று அதைப் பயன்படுத்துவதுதான் தந்திரம். இந்தச் சிந்தனைமுறையே பின்னர் விளையாட்டு முழுவதும் தேவைப்படும் என்பதால் இங்கே அவசரப்படாமல் பழகிக்கொள்வது பயன்தரும்.

கோபுரத்தின் உச்சியில் மோல்டார்ம் என்னும் புழு உங்களைத் தள்ளி விழச்செய்தால், மேலே திரும்பும்போது அதன் உயிர் முழுதாக மீண்டிருக்கும். அதுவும் பிழையல்ல. வாலை மட்டும் அடிக்க வேண்டும். நடுவில் நின்று அது வாலைக் காட்டும்வரை காத்திருப்பது ஓடித்திரிவதைவிடப் பாதுகாப்பானது. ரீவைண்ட் உண்மையிலேயே கைகொடுக்கும் சண்டை இது.

அகானிமை வாளால் அடித்தும் பயனில்லை. வாளிலிருந்து ஒளியும் வரவில்லை

கதையின் தீய மந்திரவாதியான அகானிமை நேரடியாகத் தாக்க முடியாது. அவன் எறியும் ஒளிப்பந்தை வாளால் திருப்பி அவன்மேலேயே அடிக்க வேண்டும். மின்னலைத் திருப்ப முடியாது, விலகத்தான் வேண்டும். அவனுடைய கோபுரத்து வாசலில் உள்ள தடுப்பையும் மாஸ்டர் சோர்ட் மட்டுமே வெட்டும். அந்த வாளை எடுக்க மூன்று பதக்கங்களும் தேவை. மாஸ்டர் சோர்ட் வீசும்போது ஒளி பாய்வது எல்லா இதயங்களும் நிறைந்திருக்கும்போது மட்டுமே. அரை இதயம் குறைந்தாலும் நின்றுவிடும்.

இருள் உலகக் கோட்டைகள்: கதவு திறக்கவில்லை, நீர் இல்லை, தலைவன் வரவில்லை

முதல் கோட்டையின் வாசலைக் கிக்கி என்னும் குரங்குதான் திறக்கும். கூட வருவதற்கு 10 ரூபி, திறப்பதற்கு 100 ரூபி. பணம் போதவில்லை என்றால் புல்லை வெட்டிச் சேர்க்க வேண்டியதுதான்.

சதுப்பு அரண்மனைக்குள் போய் வறண்ட கால்வாயைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம். நீரைத் திறக்கும் நெம்புகோல் இந்த உலகிலேயே இல்லை. அரண்மனையின் முன் நின்று மேஜிக் மிரரால் ஒளி உலகுக்குத் திரும்பி, அங்குள்ள மதகுக் கட்டடத்துக்குள் சென்று நெம்புகோலை இழுத்து நீரைத் திறந்துவிட்டு, வெளியே மின்னும் வாயில் வழியாக மீண்டும் வர வேண்டும். நீந்துவதற்கான துடுப்புக் காலணியை ஸோராவிடம் 500 ரூபி கொடுத்து முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

நான்காவது கோட்டையில் தலைவன் அறை வெறுமையாக இருப்பதைத்தான் பலர் செயலியின் பிழை என்று முறையிடுகிறார்கள். சிறையிலிருந்து மீட்ட பெண் உங்களோடு வருவாள், கோட்டையை விட்டு வெளியேற மட்டும் மறுப்பாள். அந்த மறுப்பே துப்பு. மேல் தளத்தில் விரிசல் விட்ட தரையை வெடிகுண்டால் உடைத்தால் கீழே தலைவன் அறைக்குள் வெளிச்சம் விழும். அவளை அந்த வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்றால் தலைவன் எங்கே இருந்தான் என்பது தெரிந்துவிடும். விளையாட்டின் மிகச் சிறந்த திருப்பமாக இதை நான் கருதுகிறேன்.

பனி அரண்மனையை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சுவிட்சின்மேல் எடையை வைப்பதற்காக மேல்தளத்திலிருந்து ஒரு கட்டையை ஓட்டைவழியே தள்ளிவிட்டு, நீண்ட வழி சுற்றி வர வேண்டும். இடையில் ஏதேனும் தவறினால் மறுபடியும் அத்தனையும். இதற்கு மாற்றுவழி உண்டு. ஆறாவது கோட்டையான மிஸரி மையரை முதலில் முடித்து, அதன் பெரிய பெட்டியில் கிடைக்கும் சோமாரியாவின் கோலை எடுத்துவந்தால், அது உருவாக்கும் கட்டையையே சுவிட்சின்மேல் வைத்துவிடலாம். தலைவனைச் சுற்றியுள்ள பனியை ஃபயர் ராட் என்னும் தீக்கோல் அல்லது பாம்போஸ் என்னும் மந்திரப் பதக்கம் மட்டுமே உருக்கும் என்பதால், மாய அளவு முழுதாக இல்லாமல் அந்த அறைக்குள் இறங்காதீர்கள். பச்சை மருந்து ஒரு புட்டியாவது இருக்கட்டும்.

மாயம் எப்போதும் போதவில்லை என்று தோன்றினால், கொல்லர் வீட்டுப் பக்கத்தில் முளைகளால் சூழப்பட்ட கிணற்றுக்குள் சுத்தியலின் உதவியால் இறங்கி, அங்குள்ள பீடத்தின்மேல் மாயப் பொடியைத் தூவுங்கள். வெளிவரும் உயிர் உங்களைச் சபிப்பதாகச் சொல்லும்; அந்தச் சாபத்தின் விளைவு, அதுமுதல் மாயச் செலவு பாதியாகக் குறைவது.

மிஸரி மையரின் வாசல் திறக்க ஈதர் மந்திரப் பதக்கமும், ஏழாவதான டர்ட்டில் ராக்கின் வாசல் திறக்கக் குவேக் மந்திரப் பதக்கமும் வேண்டும். வாசலின் முன் தரையில் உள்ள குறியின்மேல் நின்றுதான் பயன்படுத்த வேண்டும். ஈதர், ஹெரா கோபுரத்துக்கு மேற்கே உள்ள கற்பலகையில் கிடைக்கிறது. முடோரா நூலும் மாஸ்டர் சோர்டும் கையில் இருந்தால்தான் பலகை பதிலளிக்கும். குவேக், இருள் உலகின் வடகிழக்கில் கற்கள் வட்டமாகச் சூழ்ந்த நீரில் ஏதேனும் ஒன்றை எறிந்தால் எழும் கெளுத்தி மீனிடம் இருக்கிறது. எறிந்துவிட்டு உடனே நகராமல் சற்று நின்று பாருங்கள்.

கேனனை அடிக்க முடியவில்லை

இறுதிச் சண்டையின் கடைசிப் பகுதியில் அறை இருண்டு, இறுதி எதிரியான கேனன் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறான்; வாள் அவனுக்குள் ஊடுருவிப் போகிறது. அறையிலுள்ள தீவட்டிகள் இரண்டையும் ஏற்ற வேண்டும். அவை சிறிது நேரத்தில் அணைந்துவிடும் என்பதால், ஏற்றியதும் வாளால் ஓர் அடி, அவன் அதிர்ந்து நிற்கும் கணத்தில் வெள்ளி அம்பு ஒன்று என்ற வரிசை பிசகக்கூடாது. விளக்கும் ஃபயர் ராடும் தீவட்டி ஏற்றுவதற்கு மாயத்தைச் செலவழிக்கின்றன. மாயம் தீர்ந்துபோனால் இருட்டில் செய்வதற்கு எதுவும் இல்லை. இங்கே ரீவைண்ட் செய்தும் பயன் கிடைக்காது, ஏனெனில் மருந்து வாங்காமல் வந்தது அரைமணி நேரத்துக்கு முன்னர்.

வெள்ளி அம்புகளே இல்லை என்றால் சண்டையை விட்டு வெளியேறுங்கள். ஐந்தாம், ஆறாம் படிகங்கள் கிடைத்தபின், ஒளி உலகில் லிங்கின் வீடு இருக்கும் இடத்துக்கு நேராக இருள் உலகில் உள்ள குண்டுக் கடையில் பெரிய வெடிகுண்டு விற்பனைக்கு வரும். அதை இழுத்துச் சென்று பிரமிடின் சுவரில் உள்ள விரிசலின்முன் வைத்து வெடிக்கச் செய்தால், உள்ளே இருக்கும் தேவதையின் ஊற்று திறக்கும். அந்த ஊற்றில் வில்லை எறிந்தால் வெள்ளி அம்புகளோடு திரும்பக் கிடைக்கும். கொல்லர்களிடம் தீட்டிய வாளையும் எறிந்தால் அதுவும் மேம்பட்டுத் திரும்பும். நான்கு புட்டிகளையும் நிரப்பிக்கொண்டு, விளையாட்டின் மெனுவில் ஒருமுறை சேமித்துவிட்டு, பிரமிடின் உச்சியில் உள்ள துளைக்குள் குதியுங்கள்.